கொத்திலிருந்து உதிரும் மணி

கம்பம், கூடலூர்ப் பக்கம் பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கொத்தைக் கையில் எடுத்து உலுக்கிப் பாருங்கள். காம்பு பச்சையாக இருக்கும் வரை மணி உதிராது. காம்பு வாடிவிட்டதோ, பொலபொலவென்று கொட்டிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். அந்த இடத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் கைகோத்து நிற்கின்றன. அணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்களே அந்தக் கைகள். 'ஈ-கட்ஹீரின்' என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. பக்கத்து அணுவில் உள்ள தன் இனத்தையே பிடித்துக்கொள்வது அதன் வேலை.

வினை ஆரம்பிப்பது 'ஹெச்.பி.வி.' என்ற வைரஸினால். 1983ல் இதன் 16-ஆம் வகையை இந்தப் புற்றில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹௌஸன். அதற்காக 2008ல் நோபல் பரிசு பெற்றார். தாம்பத்திய உறவில் தொற்றும் இந்த வைரஸ் எத்தனையோ பேருக்கு வந்து, ஓரிரு வருஷத்தில் தானே போய்விடுகிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, அணுவின் 'பிரேக்'கைக் கெடுத்துவிடுகிறது. அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

அப்புறம் என்ன? பல சமயம் ஈ-கட்ஹீரின் குறைகிறது, பிடி தளர்கிறது, பிரிந்த அணுக்கள் உடம்பின் வேறு பாகங்களுக்குப் பயணம் போகின்றன. போதாக்குறைக்கு, 'பி.டி.-எல்1' என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தைக் காட்டி, உடம்பின் காவல்காரர்களையே ஏமாற்றிவிடுகின்றன! அந்த ஏமாற்று வித்தையைத் தடுக்க இப்போது மருந்து உண்டு. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

நல்ல சேதி என்னவென்றால், பிடி தளர்வதற்குப் பல வருஷங்கள் ஆகும். அதற்குள் பிடித்துவிடலாம். தேனிக்குப் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதை நிரூபித்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, அம்பிளிக்கை ஆஸ்பத்திரியைச் சார்ந்து நடந்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், கெட்டுப்போன இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவுதான் பரிசோதனை! சந்தேகமான இடத்துக்கு உடனே சிகிச்சை. 2007ல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயினால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்தது.

ஆனாலும் 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 80,000 பெண்கள் இந்நோய்க்குப் பலியானார்கள். ஏன்? விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணைக் கேளுங்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதோடு, வலியில்லாத உடம்பை எதற்குக் காட்டுவது என்ற எண்ணம் வேறு.

வலி வருகிறவரை காத்திருக்காதீர்கள், சகோதரிகளே! 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகோ, உறவுக்குப் பின்போ உதிரம் கண்டால், வயது எதுவானாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால், இந்த வைரஸுக்கான தடுப்பூசியைப் பற்றியும் அப்படியே விசாரித்துவிட்டு வாருங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஒரு நாள் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.