கட்டைவிரலுக்கு என்ன விலை?

வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவன் நான். கட்டைவிரல் இல்லையென்றால் என் பிழைப்பு ஒருநாள் ஓடாது. அதனால் இதை எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

2022. எங்கள் பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்த எங்கள் தெரு அண்ணனின் வலது கட்டைவிரலைக் குப்பை நசுக்கும் லாரி தின்றுவிட்டது. வயது 40. மாதச் சம்பளம் 12,000. கையுறை கிடையாது. ஈ.எஸ்.ஐ. எட்டாத ஊர்.

பேரூராட்சியில், 'அவன் எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்டர் ஆள்' என்றார்கள். காண்ட்ராக்டர், 'குடிச்சிட்டு வந்து கையை விட்டான்' என்றார். கடைசியில் 20,000 ரூபாயை நீட்டி, 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் எழுதி, அண்ணனுக்கு மிச்சமிருந்த கட்டைவிரலை மையில் உருட்டினார்கள்.

நடுவில் நின்று பேசி முடித்தது யார்? ஆளுங்கட்சிக்காரன் மட்டுமா? நம் கொடி கட்டிய வண்டியும் அங்கே நின்றது. நானும் நின்றேன். 'வாங்கிக்குங்கண்ணே, இதாவது கெடச்சுதே' என்று சொன்னது இதே வாய்தான். மேடையில் கலகக் கவிதை வாசிக்கிற வாய்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். அன்று நடப்பில் இருந்தது 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம். 2020-இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. அந்தப் பழைய சட்டத்தின் அட்டவணையில் தொழிலாளி உடம்பைக் கூறு போட்டு விலை வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12.

கணக்குப் போடுங்கள். 12,000-இல் 60 சதவீதம் 7,200. 40 வயதுக்கான காரணி 184.17. பெருக்கி, வருவதில் 30 சதவீதம் எடுத்தால் 3,97,807 ரூபாய். குமாஸ்தா கணக்கு, பிசகாது. கொடுத்தது 20,000. மிச்சம் 3,77,807 ரூபாய் யார் மடியில்?

துரோணன் விரலை மட்டும்தான் கேட்டான். இவர்கள் விரலையும் எடுத்து, விரலின் விலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் கேளுங்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளி எழுதித் தந்த பத்திரம் செல்லாது: 17-ஆம் பிரிவு. ஒப்பந்தக்காரன் ஆளானாலும் வேலை வாங்கிய தலைமை முதலாளி பொறுப்பு: 12-ஆம் பிரிவு. உள்ளாட்சியும் இதற்குள் அடக்கம். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. சாக்குச் சொல்ல முடியாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம்.

'குடிச்சிருந்தான்' என்பது வெறும் வசவு அல்ல தோழர்களே. சாவோ முழு முடமோ ஆகாத காயத்துக்கு முதலாளி தப்பிக்கச் சட்டம் விட்டுவைத்த சந்து அது. ஆனால் சொன்னவன் நிரூபிக்க வேண்டும். சேரிக்காரன் என்றால் மட்டும் நிரூபிக்காமலே ஊர் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் சாதி.

மலக்குழியில் செத்தால் 30 லட்சம், நிரந்தர முடமானால் 20 லட்சத்துக்குக் குறையாமல் என்று 20.10.2023-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாவுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறோம், மறியல் செய்கிறோம். சரி. விரல் போனால்? கண் போனால்? பிணம் விழுந்தால்தான் நமக்குப் போராட்டமா?

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். அவர் படத்தை மாட்டிவிட்டு, அதன் கீழேயே கட்டப்பஞ்சாயத்தில் நஷ்ட ஈட்டைப் பேரம் பேசுகிறோம். 'நிவாரணம் வழங்கு' என்று கோஷம் போடுகிறோம். நிவாரணம் கொடுப்பவன் தயவு. இழப்பீடு அவன் வைத்திருக்கும் கடன்.

மாணவத் தோழர்களே, துண்டறிக்கை எழுதுகிற கையால் ஒரு மனுவும் எழுதுங்கள். முதல் நாளே ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்குங்கள். சம்பளத்துக்கு அத்தாட்சி திரட்டுங்கள். கூட வேலை செய்தவர்களின் சாட்சியைக் குறித்து வையுங்கள். எந்தத் தாளிலும் ரேகை வைக்க விடாதீர்கள்.

அண்ணனுக்கு 2 வருஷக் கெடு முடியுமுன் 2023-இல் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் மனுப் போட்டோம். வாய்தா வாய்தாவாக அலைந்தோம். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து, 'நான்தாண்ணே அன்னிக்கி வாங்கிக்கச் சொன்னேன்' என்றேன்.

'விடு தம்பி. அன்னிக்கிப் பிச்சன்னு நெனச்சோம். இன்னிக்கிப் பாக்கின்னு தெரியுது. பாக்கிய யாரு விடுவா?'