அரை விலைப் பியானோ

தள்ளுபடி என்பது வியாபாரிகளாகிய நமக்குப் புதிய செய்தியல்ல. ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலி டவுனில் ஜவுளிக் கடைகள் கட்டுகிற போர்டுகளைப் பார்த்து நாம் மயங்குவதில்லை. பழைய சரக்கைத் தள்ளினால்தான் தீபாவளிச் சரக்குக்கு இடமும் பணமும் கிடைக்கும் என்ற கணக்கு நமக்குத் தெரியும். வண்டு விழும் முன்னே பயறு மூட்டையை விலை இறக்கித் தள்ளுகிறவர்கள்தானே நாம்! ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற புத்தி, அந்தப் பக்கம் போய் வாங்குகிறவராக நிற்கும்போது நம்மில் பலருக்கு இருப்பதில்லை.

சென்ற மாதம் நமது சங்க அன்பர் ஒருவர் பத்தமடைக்குக் கொள்முதலுக்கு வந்த இடத்தில் யோசனை கேட்டார். சேரன்மகாதேவிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். பாளையங்கோட்டையில் படிக்கும் அவருடைய பேத்தி நான்கு வருடமாகப் பியானோ கற்கிறாள். டிரினிட்டி காலேஜ் லண்டன் பரீட்சையில் நாலாவது கிரேடு தேறிவிட்டாள். சென்னையில் ஒரு இசைக்கருவிக் கடையை மூடப் போகிறார்களாம். அங்கே ஒரு கிராண்ட் பியானோவுக்கு ரூ.12 லட்சம் என்று எழுதி, அதை அடித்து ரூ.6½ லட்சம் போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும். "கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி மிச்சம்லா அண்ணாச்சி?" என்றார்.

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் வீட்டுக்குப் பியானோவா என்று. அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. 1964ல் மறைந்த நாதஸ்வர வித்வான் அருணாசலம் அந்த ஊர்க்காரர். 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவருடைய நாயனத்தைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் இருந்திருக்காது. 2019ல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றதையும் எல்லோரும் பார்த்தோம். சங்கீதம் எந்த வீட்டில் பிறக்கும் என்பதைக் கடை போர்டைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஆகவே பியானோ வேண்டுமா என்பது நம் கேள்வியல்ல. இந்தப் பியானோ, இந்த விலைக்கு, இந்தப் பணத்தில் வேண்டுமா என்பதே கேள்வி.

முதலில் சரக்கைப் பார்ப்போம். கிராண்ட் பியானோ என்றால் ஹார்மோனியத்தைப் பெரிதாகச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே 88 கட்டைகள், உள்ளே சுமார் 230 கம்பிகள். அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 20 டன் அளவுக்கு வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். அதற்கு அடியில் ஸ்புரூஸ் மரத்தில் செய்த மெல்லிய பலகை, ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது. சிறிய கிராண்டே சுமார் 5 அடி நீளம் இருக்கும். எடை 250, 300 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஐந்தாறு மூட்டைதானே என்று லோடுமேன் சொல்லலாம். ஆனால் இதை மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தூக்க முடியாது.

அந்தப் பலகை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். நம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் மலைக்காற்று, ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, பங்குனி, சித்திரையில் காய்ச்சல். பலகை உப்பும்போது ஒரு விதமாகவும் சுருங்கும்போது வேறு விதமாகவும் சுருதி கலையும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க வேண்டும். புதிய கருவிக்கு முதல் வருடம் அதற்கு மேலும் ஆகும். கம்பியைத் தட்டுகிற சுத்தியல்கள் கம்பளியால் ஆனவை. பூச்சிக்கும் எலிக்கும் அது எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குடோன் வைத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாயனத்துக்குச் சீவாளியை வித்வான் தாமே மாற்றிக்கொள்வார். பியானோவைத் திறக்க அதற்கென்று பழகினவர் வேண்டும். நம் வட்டாரத்தில் அப்படி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டும். வண்டிச் செலவு, சாப்பாடு, தங்கல், கூலி எல்லாம் ஒவ்வொரு தடவையும் உண்டு.

இங்கேதான் மூடுகிற கடையின் விலை நம்மை ஏமாற்றுகிறது. பியானோ விற்கிற கடைக்கு விற்பனை ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது பல வருட வேலை. 1842ல் மிஸ்குவித் கம்பெனியாகத் தொடங்கிய கடை, இன்று மியூசி மியூசிகல் என்ற பெயரில் சென்னை அண்ணா சாலையில் நடந்துகொண்டிருக்கிறது. நிலைத்து நிற்கிற கடையில் கொடுக்கும் விலையில், நாளைக்குப் போய்க் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதற்கான காசும் அடங்கியிருக்கிறது. மூடுகிற கடை அந்தக் காசைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்கிறது. அது நியாயந்தான். ஆனால் அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைக்கக் கூடாது.

ஏன் மூடுகிறார்கள் என்று அன்பரிடம் கேட்டோம். அவர் விசாரிக்கவில்லை. வயதாகி, பிள்ளைகள் தொழிலுக்கு வராமல் மூடுகிறவர் உண்டு. அவரிடம் தைரியமாக வாங்கலாம். கடன் முற்றி மூடுகிறவர் உண்டு. அவருடைய சரக்கு வங்கியின் பொறுப்பில் இருக்கலாம். முறையான பில்லும், பாக்கி ஏதும் இல்லை என்ற எழுத்தும் இல்லாமல் தொடக் கூடாது. வருடா வருடம் 'கடைசி நாள்' போர்டு கட்டுகிற மூன்றாவது ரகத்தைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. அந்த 12 லட்சம் யார் போட்ட விலை என்பதும் தெரிய வேண்டும். பெட்டியில் ஒட்டிய அதிகபட்ச சில்லறை விலையா, கடைக்காரர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதா? அதே மாடலுக்கு வேறு இரண்டு ஊர்க் கடைகளில் போனில் விலை கேட்டால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும். பியானோவின் உள்ளே வரிசை எண் போட்டிருப்பார்கள். அதை வைத்து எந்த வருடம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பத்து வருடம் ஷோரூமில் நின்ற கருவி புதியது ஆகாது.

உத்தரவாதம் என்று அட்டை கொடுப்பார்கள். அது கம்பெனியின் உத்தரவாதமா, கடையின் உத்தரவாதமா என்று பார்க்க வேண்டும். 1997ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, 2008ல் நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் வைத்திருந்தது. நம்மில் பலர் அன்று கதிகலங்கி இருந்தோம். 2009 தொடக்கத்தில் அத்தனைக்கும் பூட்டு விழுந்தது. அவ்வளவு பெரிய கடையே அப்படியானால் ஒற்றைக் கடையின் அட்டைக்கு என்ன மதிப்பு? பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. சட்டம் நல்ல சட்டந்தான். பூட்டிய கதவில் நோட்டீசை ஒட்டிவிட்டு வரலாம்.

அடுத்து, வேண்டாமென்றால் விற்க முடியுமா? நம் ஊர்ப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, மயிர் மயிராகக் கிழித்து நெய்த பட்டுப் பாய் துணி போல மடியும். அதற்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. ஆனால் மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாயை, கல்யாணம் நின்றுபோனால் பாதி விலைக்கும் யார் வாங்குவார்? பொருள் ஒன்றுதான், வாங்குகிறவர் ஒருவரே என்பதால் விலை போய்விடுகிறது. கிராண்ட் பியானோ நம் பக்கத்தில் பெயர் போட்ட பாய் மாதிரி. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன் வருடத்துக்கு 3 லட்சத்துக்கு மேல் பியானோ விற்றது. இன்று விற்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பழைய பியானோக்களை அங்கே இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லாமல் குப்பைக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊரிலேயே அப்படி என்றால் சேரன்மகாதேவியில் என்ன ஆகும்?

பணத்துக்கு என்ன வழி என்று கேட்டோம். வீட்டில் 2 லட்சம் இருக்கிறது, மீதியைக் கடை ஓ.டி.யிலிருந்து எடுத்துத் தீபாவளி வியாபாரத்தில் அடைத்துவிடலாம் என்றார். இதைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பருப்பிலும் எண்ணெயிலும் போட்ட முதல் மாதம் ஒரு தடவை புரண்டு, செலவு போக நூற்றுக்கு 2 ரூபாய் நின்றால், 4½ லட்சத்துக்கு வருடத்தில் ரூ.1,08,000. அதுவும் போய், ஓ.டி. வட்டியும் ஏறும். தீபாவளிச் சரக்கைக் கடனுக்கு எடுக்க நேர்ந்தால் ரொக்கக் கழிவும் கிடைக்காது. மொத்த வியாபாரி தன் பாக்கியை மனதில் வைத்துச் சொல்கிறான் என்று யாராவது நினைக்கலாம். அதுவும் உண்டுதான், மறைப்பானேன்!

"அவ இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல அண்ணாச்சி" என்றார் அன்பர். இதற்குப் பதில் கணக்கில் இல்லை. ஆகவே வேறு ஒன்றைக் கேட்டோம். இப்போதும் பேத்தி கிராண்ட் கேட்டாளா, அல்லது அந்த போர்டு கேட்டதா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: டீச்சர் சொன்னது சுவரோரம் நிறுத்துகிற அப்ரைட் பியானோ, கிராண்ட் என்ற பேச்சே விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

நம் அபிப்பிராயம் இதுதான். கடைப் பணத்தில் என்றால் கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுப் பணத்தில் என்றால், முழு விலையாக இருந்தாலும் எதை வாங்கியிருப்போமோ அதை மட்டும் மூடுகிற கடையில் தேட வேண்டும். அங்கே அப்ரைட் இருக்கலாம். அதற்கும் விலை அடித்திருப்பார்கள். நாலாவது கிரேடுக்கு மட்டுமல்ல, எட்டாவது வரைக்கும் நல்ல அப்ரைட் தாராளமாகப் போதும். இப்போதைக்குக் கனமான கட்டைகள் கொண்ட மின்சாரப் பியானோ வாங்கினாலும் பேத்தி கெட்டுப்போக மாட்டாள். அதற்குச் சுருதி சேர்க்கிற வேலையே இல்லை. எதை வாங்கினாலும், அந்தக் கடையில் சம்பளம் வாங்காத ஒரு டியூனருக்குக் கூலி கொடுத்து முன்னதாக அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்பி முளைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பலகையில் கீறல் உண்டா, கரையான் தொட்டிருக்கிறதா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. புளி மூட்டையைக் குத்திப் பார்க்காமல் வாங்குகிறோமா?

இன்னும் ஒன்று. கடை பெயரில் பில் போட்டால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று யாரோ அன்பருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்துவிட்டால் பிறகு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். பில்லில் வீட்டு விலாசமே இருக்கட்டும். கடையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் அதைச் சொந்தப் பற்றில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறோம்.