கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர்: திறமை முக்கியமா, பாஸ்போர்ட் முக்கியமா?

கே-டிராமா பார்த்துப் பார்த்து கொரியா மேல் ஒரு கிரேஸ். இங்கிலீஷும் நல்லா வரும். ‘அப்போ சியோலுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாமே?’ என்று யோசிப்பவர்கள் நம்மில் நிறைய பேர். ஆசையில் தப்பில்லை. ஆனால், டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் அந்த வேலையின் உள்பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அங்கே முக்கியமாக இரண்டு வகை வேலைகள். ஒன்று, அரசுப் பள்ளி. 1995-ல் தொடங்கிய ‘எபிக்’ திட்டம் வழியாக வெளிநாட்டு ஆசிரியர்களை எடுக்கிறார்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே போடும் செருப்புக்கு மாற வேண்டும். வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவரும் கூடவே நிற்பார். வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பாடம் தயாரிப்பு. மதியம் பிள்ளைகளோடு சோறு, சூப், கிம்ச்சி. லீவில் பிள்ளைகளே இல்லாவிட்டாலும், மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள் உண்டு. அதற்கு அங்குள்ள ஆசிரியர்கள் வைத்த பெயர் ‘டெஸ்க் வார்மிங்’.

இன்னொன்று ‘ஹாக்வோன்’ எனும் தனியார் டியூஷன் சென்டர். பள்ளி விட்டபிறகு பிள்ளைகள் இங்கே வருவதால், பெரும்பாலும் மதியம் தொடங்கும் வேலை ராத்திரிதான் முடியும். சியோலில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஹாக்வோன் நடத்தக் கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது என்றால், போட்டியைப் புரிந்துகொள்ளலாம். நவம்பரில் நடக்கும் ‘சுனுங்’ கல்லூரி நுழைவுத் தேர்வில், இங்கிலீஷ் லிசனிங் பகுதி முடியும்வரை நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

சம்பளம் ஓகே... சிக்கல் எங்கே?

மாதச் சம்பளம் பொதுவாக 20 லட்சம் வோனுக்கு மேல். நம்ம பணத்தில் சுமார் 1.2 லட்சம் ரூபாய். தங்க ஒரு அறை அல்லது வாடகைப் படி கிடைக்கும். ஒரு வருடம் முடித்தால், சட்டப்படி ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும்.

ஆனால், ‘இ-2’ எனும் அந்த விசா வேலை தரும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலத்தில் வேறு இடத்துக்கு மாற, பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவைப்படும். வீடும் அவர் தந்ததுதான். அதனால் வேலை போனால் வீடும் போகும், விசாவும் ஆட்டம் காணும். பணிக்கொடையைத் தவிர்க்க 11-வது மாதத்தில் வேலையை விட்டுத் தூக்குகிறார்கள் என்ற புகார், சில ஹாக்வோன்கள் மீது நெடுநாளாகவே உண்டு.

யார் ‘நேட்டிவ்’?

இ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஏதாவது ஒரு பட்டம், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் பயிற்சி கட்டாயம் இல்லை. இந்தியர்களுக்கு? 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தம், பள்ளிகளில் உதவி ஆசிரியராக ஒரு சின்னக் கதவைத் திறந்தது. அதற்குப் பட்டத்தோடு இங்கிலீஷ் ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். ஹாக்வோன் கதவு அதிலும் மூடித்தான் இருக்கிறது.

அதாவது டெக்சாஸ்காரருக்கு வெறும் டிகிரி போதும், நமக்கு பி.எட். வேண்டும். ‘பிள்ளைகளுக்கு சுத்தமான உச்சரிப்பு வேண்டும்’ என்பது பெற்றோர் தரப்பு. காசு கொடுப்பவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்து, டெக்சாஸ், ஜோஹன்னஸ்பர்க் மூன்றும் ஒரே உச்சரிப்பா என்ன?

இங்கிலீஷை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்கு ஒரு பலம் இருக்கிறது. பிள்ளை எங்கே தடுக்கும் என்று அவருக்குத் தெரியும். கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். நாம் ‘காப்பி’ என்கிறோம். அவர்கள் ‘கோப்பி’ என்கிறார்கள். இருவருக்கும் அந்த ‘ஃப’ ஒலி பிறவியில் கிடையாது. அதைக் கஷ்டப்பட்டுக் கற்றவர், கற்றுத்தரவும் முடியும்தானே?

விதி மாறுமா?

மாறியிருக்கிறது. 2007 முதல் இ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமாக இருந்தது. கொரிய ஆசிரியர்களுக்குக் கிடையாது. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபடி பரிசோதனைக்கு வர மறுத்தார், வேலை போனது. அவர் ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-ல் குழு அவர் பக்கம் நின்றது. 2017-ல் விதி நீக்கப்பட்டது.

பாஸ்போர்ட் விதியும் மாற வேண்டும் என்பதே என் கருத்து. எல்லா நாட்டவருக்கும் ஒரே மொழித் தேர்வு, ஒரே டெமோ கிளாஸ் வையுங்கள். தேறியவர் பாடம் நடத்தட்டும்.

அதுவரை, வாய்ப்பு கிடைத்துப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் வீடு, பணிக்கொடை, வகுப்பு நேரம் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள். அங்கே போனதும் போனில் இரண்டு எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: விசா சந்தேகத்துக்கு 1345, சம்பளப் பிரச்சினைக்கு 1350.