தீயைத் தடுக்கவா, சரக்கைத் தள்ளவா?

நெருப்பைப் பற்றி மில் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சோடு பஞ்சாக ஓர் இரும்புத்துண்டு புளோ ரூமுக்குள் போய், ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கூரைக் குடிசையில் பிள்ளைகளோடு படுத்துறங்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அது தெரியும். ஆகவே, "தீப்பிடிக்காமல் தடுக்கும் மருந்து இதோ" என்று ஒருவன் வந்து நின்றால், கையெடுத்துக் கும்பிடவே நமக்குத் தோன்றும். கும்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த மருந்தை விற்பவன், இதற்கு முன்னால் என்ன விற்றுக்கொண்டிருந்தான்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் கிடைத்த விடையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

"ரசாயன விஞ்ஞானிகள்தான் உலகத்தைக் கெடுத்தார்கள், பழைய காலமே மேல்" என்று ஒரு கூட்டம் புலம்புகிறது. "கம்பெனிகள் இல்லையென்றால் கண்டுபிடிப்பே கிடையாது" என்று இன்னொரு கூட்டம் கம்பெனிகளின் பாதத்தைக் கழுவித் தீர்த்தம் குடிக்கிறது. இரண்டு கூட்டத்தாரும் யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைக் கேட்கட்டும்.

ஹூட்ரி தொழிலாளியல்ல. இரும்புத் தொழிற்சாலை முதலாளியின் மகன். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 1930-ல் அமெரிக்கா போனார். அவருடைய வித்தையெல்லாம் கிரியா ஊக்கியில்தான். கிரியா ஊக்கி என்றால் என்ன? இரண்டு பொருள்களைச் சேர்த்துவைத்து, ஆனால் தான் செலவாகாமல் அப்படியே நிற்கும் மூன்றாவது பொருள். கல்யாணத் தரகர் மாதிரி. தரகராவது கமிஷன் வாங்குவார், இது அதுவும் வாங்காது. ஒரு வகைக் களிமண்ணைக் கிரியா ஊக்கியாக வைத்து, தடித்த கச்சா எண்ணெயை உடைத்து நல்ல பெட்ரோல் எடுக்கும் முறையை ஹூட்ரி கண்டார். 1937-ல் பென்சில்வேனியாவில் மார்க்கஸ் ஹூக் என்ற ஊரில் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. நாஜிகளை எதிர்த்துப் பறந்த விமானங்களுக்கு வேண்டிய உயர்ந்த ரகப் பெட்ரோலில் பெரும்பகுதி இந்த முறையால் கிடைத்தது. நாஜிகளுக்குக் கைகட்டி நின்ற விஷி சர்க்காரை அவர் எதிர்த்தார். அந்தச் சர்க்கார் அவருடைய பிரெஞ்சுப் பிரஜா உரிமையைப் பறித்தது.

யுத்தம் முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் மோட்டார் புகை பழுப்பு நிறத்தில் மூடி நின்றது. மக்கள் கண்ணெரிச்சலோடும் இருமலோடும் நடமாடினார்கள். அதைக் கண்ட ஹூட்ரி, மோட்டாரின் புகைக்குழாயிலேயே கிரியா ஊக்கியை வைத்து நச்சுப்புகையை அங்கேயே எரித்துவிடும் கருவியைச் செய்தார். 1950-களில் பேடண்டும் வாங்கினார். கருவி வேலை செய்தது. ஆனால் அவர் 1962-ல் சாகும்வரை எந்த மோட்டார் கம்பெனியும் அதைத் தன் காரில் பொருத்தவில்லை.

ஏன்? பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்தால் கிரியா ஊக்கி செத்துப் போகும்.

பெட்ரோலில் ஈயம் எப்படி வந்தது? அது பூமியிலிருந்து ஊறி வரவில்லை. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயச்சேர்மானம் ஒன்றைக் கலந்தால் இஞ்சின் 'டக் டக்' என்று இடிப்பது நிற்கும் என்று கண்டார். ஜெனரல் மோட்டார்சும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலும் சேர்ந்து 1924-ல் 'எத்தில் கார்ப்பொரேஷன்' என்ற கம்பெனியைத் தொடங்கின. பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது, கவனியுங்கள்! அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் பேவே ஆலையில் இந்தச் சரக்கைத் தயாரித்த தொழிலாளர் ஐந்து பேர் சித்தம் கலங்கி, கையையும் காலையும் கட்டி வைக்கப்பட்டு மாண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விற்பனை சில மாதம் நின்றது; பிறகு ஐம்பது ஆண்டு தடையில்லாமல் நடந்தது.

இங்கேதான் நம் கதையின் கதாநாயகன் நுழைகிறான்: புரோமின். ஈயம் எரிந்தால் இஞ்சினுக்குள்ளேயே கசடாகப் படியும். அதை வெளியே இழுத்துப் போக, புரோமின் கலந்த ஒரு ரசாயனத்தையும் பெட்ரோலில் சேர்த்தார்கள். இஞ்சின் பிழைத்தது; ஈயம் தெருவில் விளையாடும் குழந்தையின் மூக்குக்குப் போயிற்று. இதற்காகக் கடல்நீரிலிருந்து புரோமின் எடுக்கும் ஆலையையே 1934-ல் வட கரோலினா கடற்கரையில் கட்டினார்கள். புரோமின் முதலாளிகளுக்குக் கொள்ளை லாபம். பெட்ரோல் விற்கும்வரை புரோமினும் விற்கும்!

மோட்டார் முதலாளிகளோ, புகையைக் குறைக்கும் கருவிகள் வராமல் 1953 முதலே தங்களுக்குள் கூடிச் சதி செய்தார்கள் என்று 1969-ல் அமெரிக்க சர்க்காரே வழக்குத் தொடுத்தது. வழக்கு விசாரணைக்கு வராமல் சமரசத்தில் முடிந்தது. நம் ஊரில் ஒரு தேங்காய் திருடியவனுக்கு இப்படிச் சமரசம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.

கடைசியில் மக்களின் கோபம் 1970-ல் சுத்தக் காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1975-ம் ஆண்டுக் கார்களில் கிரியா ஊக்கிக் கருவி ஏறியது. அதற்காக ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. இருபது ஆண்டு தூங்க வைக்கப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு, விழித்தவுடன் ஈயத்தை வெளியே தள்ளியது. உலகத்தின் கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. இந்தியாவில் அது 2000-ல்தான் நின்றது. அதுவரை நம் பிள்ளைகள் மூச்சில் இழுத்த ஈயத்துக்கு யார் கணக்குச் சொல்வார்கள்?

ஈயம் போனால் அதன் ஜோடியான புரோமினும் போக வேண்டுமே! போகவில்லை. சரக்கு தேங்கும் நிலை வந்தது, சந்தை தேடினார்கள், கிடைத்தது. அதுதான் தீத்தடுப்பு.

புரோமின் தீயைத் தடுப்பது பொய்யல்ல. தீ என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பற்ற வைத்துக்கொண்டே போகும். சூடேறியதும் வெளிப்படும் புரோமின் அந்தக் கண்ணிகளைப் பிடித்து அறுத்துவிடும். துணியில் உப்புகளை ஏற்றித் தீயைத் தணிக்கலாம் என்று பிரான்சில் கே-லூசாக் என்ற ரசாயன மேதை 1821-லேயே காட்டினார். நாடகக் கொட்டகைகளில் திரைச்சீலை பற்றி ஜனங்கள் மாண்ட காலம் அது. அந்த விஞ்ஞானத்தை நாம் வணங்குகிறோம். நம் சண்டை, அதை எங்கே, எவ்வளவு, யார் உடம்புக்கு அருகில் வைக்கிறாய் என்பதைப் பற்றியது.

மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே செயிண்ட் லூயிஸ் என்ற சிற்றூரில் ஒரே ரசாயன ஆலையில் இரண்டு சரக்குகள் தயாராயின. ஒன்று 'ஃபயர்மாஸ்டர்', புரோமின் கலந்த தீத்தடுப்பு விஷம். மற்றொன்று 'நியூட்ரிமாஸ்டர்', மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மெக்னீஷியம் ஆக்ஸைடு. பெயரைப் பாருங்கள், இரட்டைப் பிள்ளைகள்! ஒரே மாதிரிக் காகிதச் சாக்கு. 1973-ல் விஷச் சாக்குகள் தீவன ஆலைக்குப் போய்விட்டன. பசுக்கள் தீனி எடுக்கவில்லை, பால் வற்றியது, குளம்பு கோணி வளர்ந்தது, கன்றுகள் செத்துப் பிறந்தன. "உனக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை" என்று விவசாயியைப் பார்த்துச் சொன்னார்கள். ரசாயனப் பொறியியல் படித்திருந்த ஒரு பால் பண்ணைக்காரர் விடாமல் தம் காசைச் செலவழித்துப் பரிசோதனைக்கு அனுப்பி அனுப்பித்தான் 1974-ல் உண்மை வெளிவந்தது. அதற்குள் ஓர் ஆண்டு, அந்த மாநிலத்து மக்கள் அந்தப் பாலையும் மாமிசத்தையும் உண்டு முடித்திருந்தார்கள். சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். படிக்காத விவசாயி ஒருவர் இதே புகாரைச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அது 'மாடு வளர்க்கத் தெரியாதவன்' கணக்கில்தான் இருந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

அதே காலத்தில் குழந்தைகளின் இரவு உடைக்கு 'டிரிஸ்' என்ற புரோமின் மருந்து ஏற்றினார்கள். 1977 ஜனவரியில் புரூஸ் ஏம்ஸ், ஆர்லீன் பிளம் என்ற இரு விஞ்ஞானிகள், அது உயிரணுவின் மரபையே சிதைக்கும் பொருள், புற்றுநோய் தரக்கூடும், குழந்தையின் தோல்வழியே உள்ளே போகும் என்று எச்சரித்தார்கள். ஏப்ரலில் தடை வந்தது. கம்பெனிகள் என்ன செய்தன? தடையான உடைகளை லட்சக்கணக்கில் கப்பலேற்றி ஏழை நாடுகளுக்குத் தள்ளின. அதையும் தடுக்க 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கக் குழந்தைக்கு ஆகாதது கறுத்த குழந்தைக்கு ஆகுமாம்! ஏகாதிபத்தியம் என்றால் பீரங்கி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த உடைகளை நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது சோபா மெத்தை. 1975-ல் கலிபோர்னியா ஒரு விதி போட்டது: மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் 12 வினாடி சிறு சுடரைத் தாங்க வேண்டும். ஒரு மாநிலத்துக்குத் தனிச் சரக்கு செய்ய முடியாமல், நாடு முழுவதும் விற்ற மெத்தைகளில் புரோமின் மருந்து கலந்தார்கள். ஆனால் நெருப்பு முதலில் எங்கே பிடிக்கும்? மேல் உறையில். உறை எரிந்து ஃபோமைத் தொடும்போது அது சிறு சுடரா? பெருந்தீ! மெத்தையில் கலந்த அளவு மருந்தால் அதன் முன் பயனில்லை என்று பரிசோதனைகள் காட்டின. மருந்தோ தூசியாய் உதிர்ந்து, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, வாய்க்குப் போயிற்று. தாய்ப்பாலிலும் ஏறியது. ஐரோப்பியரைவிட அமெரிக்கர் உடம்பில் இந்த விஷம் பல மடங்கு இருந்தது.

வீட்டில் மெத்தை பற்றி எரிந்து மனிதர் சாக முக்கியக் காரணம் எது? அணையாத சிகரெட்! தானே அணைந்துபோகும் சிகரெட்டைச் செய்ய முடியும். புகையிலை முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. "சிகரெட்டை மாற்றாதே, சோபாவை மாற்று" என்று அவர்கள் பிரசாரம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்தின் பழைய அதிகாரி ஒருவரே தீயணைப்பு மேலதிகாரிகளின் சங்கத்துக்கு 'உதவி' செய்யப் போய் அமர்ந்தார். புகையிலைக்காரனும் புரோமின்காரனும் ஒரே திண்ணையில்! தானே அணையும் சிகரெட்டுக்கான முதல் சட்டம் 2004-ல்தான் நியூயார்க் மாநிலத்தில் அமுலுக்கு வந்தது.

இனி முகமூடியைப் பார்ப்போம். கலிபோர்னியா சட்டசபையில் இந்த விதியை மாற்ற முயன்ற போதெல்லாம் 'தீப் பாதுகாப்புக்கான குடிமக்கள்' என்ற ஸ்தாபனம் எதிர்த்து வந்தது. டாக்டர்கள், ஆசிரியர்கள், தீயணைப்போர் எல்லோரும் சேர்ந்த சங்கம் என்று சொல்லிக்கொண்டது. தீக்காய வைத்தியர் ஒருவர் அங்கே வந்து, வெந்து செத்த பச்சைக் குழந்தையின் கதையைச் சொல்லிக் கலங்க வைத்தார். 2012 மே மாதத்தில் 'சிகாகோ டிரிபியூன்' பத்திரிகை உடைத்துக் காட்டியது: அவர் வர்ணித்தபடி அப்படி ஒரு குழந்தையே இல்லை. அந்தக் 'குடிமக்கள்' சங்கத்தின் அங்கத்தினர் மொத்தம் மூன்று பேர். ஆல்பமார்ல், கெம்ச்சுரா, ஐ.சி.எல். மூன்றும் புரோமின் கம்பெனிகள்! இதில் ஆல்பமார்ல் யார் தெரியுமா? ஈயப் பெட்ரோல் விற்ற அதே எத்தில் கார்ப்பொரேஷனிலிருந்து 1994-ல் பிரிந்த கம்பெனி. கெம்ச்சுரா விற்ற மெத்தை மருந்தின் பெயர் 'ஃபயர்மாஸ்டர் 550'. மிச்சிகன் மாடுகளைக் கொன்ற அதே பெயர். மாற்றிக்கொள்ளக்கூட அவர்களுக்கு வெட்கமில்லை.

உண்மையாகவே தீயோடு போராடுகிறவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? தீயணைப்புத் தொழிலாளரின் சங்கங்கள் இந்த மருந்துகளை எதிர்த்தன. புரோமின் ஏறிய வீடு எரியும்போது வரும் புகையில் டையாக்சின் போன்ற கொடிய நஞ்சு உண்டு. அதைச் சுவாசிப்பவர் அவர். புற்றுநோயில் படுப்பவரும் அவர். சக தொழிலாளியின் சவ ஊர்வலத்தில் நடந்த அந்தத் தோழர்கள் கலிபோர்னியா சட்டசபைக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள்.

2013-ல் கலிபோர்னியா விதியை மாற்றியது. சுடர்ப் பரிசோதனை போய், கனலும் சிகரெட்டை உறையின் மேல் வைத்துப் பார்க்கும் பரிசோதனை வந்தது. மருந்து கலக்காமலே அதில் தேறலாம். 2014 ஜனவரியில் கெம்ச்சுரா கோர்ட்டுக்குப் போயிற்று, பழைய விதியே வேண்டுமென்று. அந்த ஆண்டே வழக்கு தோற்றது. அடுத்து, தீயணைப்புத் தொழிலாளர் ஆதரித்த இன்னொரு சட்டமும் நிறைவேறியது. 2015 முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு சோபாவிலும் ஒரு சீட்டுத் தைத்திருக்க வேண்டும். தீத்தடுப்பு ரசாயனம் 'கலந்தது', 'கலக்காதது' என்று அதில் இரண்டு கட்டம். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி, முதலாளி தன் கையால் ஒன்றில் குறி போட வேண்டும்.