காட்டை ஓடிக் கடந்தால் குற்றமா?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் ட்ரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. நடைபாதை என்றதும் நம்மூர் பிளாட்பாரம் ஞாபகம் வந்தால் அழித்துவிடுங்கள் :-) ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலைக்கும் மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்துக்கும் நடுவே, 14 மாநிலங்கள் வழியாகப் போகும் சுமார் 3,500 கிலோமீட்டர் மலைக்காட்டுத் தடம். முழுசாக நடக்க சாதாரணமாக ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும்.

இதை ஒன்றரை மாதத்துக்குள் முடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் கிளம்புகிறது. உடனே எதிர்க்குரலும் கிளம்பிவிடும். "காடு ரசிக்கவா, ரேஸ் ஓடவா? இப்படி ஓடுகிறவன் என்னத்தைப் பார்த்திருப்பான்?" தடத்தைப் பராமரிக்கும் கன்சர்வன்சி அமைப்பே இந்த வேக சாதனைகளை அங்கீகரிப்பதில்லை.

கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 2011-ல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். 46 நாள், 11 மணி, 20 நிமிடம். ஒரு நாளைக்குச் சராசரி 75 கிலோமீட்டர். அவர் பெரிதாக ஓடவேயில்லை. பெரும்பாலும் நடைதான், அதுவும் சாதாரண வேகத்தில். விடிவதற்கு முன் ஆரம்பித்து இருட்டிய பிறகும் நடந்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி, குளிரில் உடம்பு விறைப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் பட்டுத்தான் முடித்தார். ஒரு நாளில் 16 மணி நேரம் காட்டுக்குள்ளேயே இருப்பவர் காட்டைப் பார்க்கவில்லை என்று, வாரக் கடைசியில் ரெண்டு மணி நேரம் போய் போட்டோ எடுத்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதுதான் வேடிக்கை.

ஆக, வேகம் பிரச்சினை இல்லை. வேகத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற சமாச்சாரங்கள்தான் பிரச்சினை.

2015 ஜூலையில் ஸ்காட் ஜூரக் அந்தச் சாதனையை வெறும் 3 மணி 13 நிமிட வித்தியாசத்தில் முறியடித்தார். கட்டாடின் உச்சியில் நண்பர்கள், கேமராக்கள், ஷாம்பெயின். அந்தச் சிகரம் இருப்பது பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள். பெர்சிவல் பாக்ஸ்டர் என்ற முன்னாள் கவர்னர், காடு காடாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த நிலம். பூங்கா நிர்வாகம் மூன்று புகார் போட்டது: பொது இடத்தில் மது, குப்பை, 12 பேருக்கு மேல் கூட்டம். கடைசியில் இரண்டு கைவிடப்பட்டு, மதுவுக்கு மட்டும் 500 டாலர் அபராதம். 'ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு அலட்டலா' என்று ஜூரக்கின் ரசிகர்கள் பொங்கினார்கள். பூங்கா செய்ததுதான் சரி. மலை உச்சி ஸ்பான்சர்களின் விளம்பர மேடை இல்லை.

அடுத்தது, யார் சாதனை எந்தக் கணக்கில் வருகிறது என்பது. வண்டியோடு ஒரு குழு, தடம் சாலையைக் கடக்கும் இடங்களில் காத்திருந்து சாப்பாடும் படுக்கையும் கொடுத்தால் அது ஒரு வகை. குழு இல்லாமல், வழியில் ஊருக்குள் போய் வாங்கியோ தபாலில் முன்பே அனுப்பிய பார்சலை எடுத்தோ சமாளித்தால் வேறு வகை. கார்ல் மெல்ட்சர் 2016-ல் குழுவோடு 45 நாள் 22 மணி 38 நிமிடத்தில் முடித்தார். அடுத்த வருஷமே ஜோ மெக்கொனாஹி மூட்டையைத் தானே சுமந்துகொண்டு 45 நாள் 12 மணி 15 நிமிடத்தில் முடித்துவிட்டார். குழு இருந்தவரை விடப் பத்து மணி நேரம் முன்னால்! இந்தச் செய்திக்கு ஷாம்பெயின் அளவுக்குச் சத்தம் வரவில்லை.

இதையெல்லாம் யார் தணிக்கை செய்வது? 1948-ல் முதன்முதலாக ஒரே பயணமாக நடந்து முடித்த ஏர்ல் ஷேஃபரே நாட்குறிப்பையும் ஸ்லைடு படங்களையும் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஜிபிஎஸ் பதிவு கேட்கிறார்கள். நல்லது. கூடவே எத்தனை பேர் உதவினார்கள், எத்தனை வண்டி, எவ்வளவு செலவு என்பதையும் நேரத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். லாபத்தை மட்டும் காட்டிச் செலவை மறைக்கிற கணக்கைக் கடைத்தெருவில்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2024 செப்டம்பரில் டாரா டவர் என்ற பெண் 40 நாள் 18 மணி 6 நிமிடத்தில் முடித்தார், குழுவோடு. 2018-ல் காரெல் சாபே வைத்திருந்த சாதனையை விட 13 மணி நேரத்துக்கு மேல் குறைவு. பெண்கள் பிரிவு, ஆண்கள் பிரிவு என்று பிரிக்காமலே முதலிடம். கன்சர்வன்சி அங்கீகரிக்காவிட்டால் என்ன, நடந்தது நடந்ததுதானே.