வீழ்ந்த பனம்பழம் வீணாகலாமா?

ஆடி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிற் பழங்கள் வீழ்ந்து கிடக்கும். அவற்றுட் பல மண்ணோடு மண்ணாக அழுகிப்போக, நாமோ பிள்ளைகளுக்குக் கடையில் இனிப்பு வாங்குகிறோம். இது முறையாகுமா, சகோதரிகளே?

புதிதாய் வீழ்ந்த பழத்தைக் கழுவி, தோலை நீக்கி, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, களியை மெல்லிய துணியில் வடித்தெடுங்கள். நாவிற் சிறிது வைத்துப் பாருங்கள். மிகக் கசக்கும் களியை விலக்கிவிடுவதே நன்று. 2 கோப்பை களிக்கு முக்கால் கோப்பை சீனியும் சிறிது உப்பும் சேர்த்து, பச்சை வாடை அகலும்வரை இளந்தீயில் துழாவிக் காய்ச்சுங்கள். ஆறிய பின்னர், கையாற் கிள்ளியெடுக்கும் பதம் வரும்வரை வறுத்த கோதுமை மாவைக் கலந்து, சிறு சிறு உருண்டைகளாகக் கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தெடுங்கள். இப்பணியாரம் மறுநாள் மேலும் சுவைக்கும்.

எஞ்சிய களியைப் பாயிற் படை படையாக ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு கிடைக்கும். விதைகளைப் பாத்தியிலிட்டால், தை மாதமளவிற் கிழங்கு கிண்டலாம். பொறுக்கியெடுக்கச் சோம்பாத வீட்டில் ஒரே பழம் மூன்று உணவாகும்.