நாளைக்குப் பார்த்துக்கலாம்!



போன தடவை வத்தல், வடகம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் கூடத்துக்கு வருகிறேன். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் உதவுகிற சங்கதி இது.

எங்கள் செவிலிமேட்டு வீட்டில் பாதி இடம் தறிக்கு, மீதிதான் எங்களுக்கு. என் பெரிய பெண் பி.காம். முடித்துவிட்டு குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். போன தடவை எழுதினாள், கிடைக்கவில்லை. உடனே வீட்டில் வரன் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை எழுதட்டும்" என்று என் வீட்டுக்காரரிடம் மன்றாடி அவகாசம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அதனால் அவள் படிக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

பத்தாவது தேறியிருந்தால் எழுதலாம் என்பதால் லட்சக்கணக்கில் எழுதுகிற பரீட்சை இது. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதிக் கேள்வி தமிழில். அதில் நூற்றுக்கு நாற்பதாவது வாங்கினால்தான் மீதியைத் திருத்தவே செய்வார்கள். நூலாசிரியர், ஆண்டு, அரசர், சட்டம் என்று ஞாபகத்தில் வைக்க வேண்டியது மலை மாதிரி இருக்கும்.

அதற்காக அவள் தோழி ஒருத்தி லேப்டாப்பில் 'அங்கி' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். நான் ஏதோ சட்டை என்று நினைத்தேன்! ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று அர்த்தமாம். 2006-ல் வந்தது; கம்ப்யூட்டரில் காசு கிடையாது. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியது யார் என்று கேட்கும். மனசுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பினால் ராஜசிம்ம பல்லவன் என்று வரும். தெரியவில்லை என்று அழுத்தினால் சற்று நேரத்திலேயே திரும்பக் கேட்கும். தெரியும் என்றால் சில நாள் கழித்து, அப்புறம் சில வாரம் கழித்து, அப்புறம் மாதக்கணக்கில் தள்ளிக் கேட்கும். மறக்கப் போகிற சமயத்தில் நினைவூட்டுவதுதான் சூட்சுமம். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறந்து போகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம், பத்து நாள் விட்டுப் போனது. திரும்பி வந்து திறந்தாள், பட்டென்று மூடினாள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா." மறுநாளும் அதே பேச்சு. அலமாரியை அடுக்கினாள், புது நோட்டுக்கு அட்டை போட்டாள், கால அட்டவணைக்குக் கலர் கலராகக் கோடு போட்டாள். அங்கியை மட்டும் தொடவில்லை.

நான் கத்தினேன். "அப்பா தறியில முதுகு ஒடியறாரு, உனக்கு உட்கார்ந்து படிக்க வலிக்குதா?" என்று சொல்லக் கூடாததையும் சொன்னேன். என்ன பலன்? அவள் என் கண்ணில் படாமல் நடக்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

ஒரு ராத்திரி அவளே சொன்னாள். "சோம்பேறித்தனம் இல்லம்மா. திறந்தா 614 நிக்குது. போன மாசம் தெரிஞ்சதெல்லாம் இப்போ தெரியலைன்னு ஒவ்வொண்ணா அது சொல்லும். அதைப் பார்க்க பயமா இருக்கு."

எனக்குச் சுரீர் என்றது. பத்தாவதில் நானும் முதல் தடவை கணக்கில் போனவள்தான். அக்டோபர் பரீட்சைக்குப் படி என்று அப்பா வாங்கித் தந்த புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பிரித்தால் எனக்கு எதுவும் தெரியாது என்பது உறுதியாகிவிடுமே என்ற பயம்தான். கடைசியில் என் அத்தை தினம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே இரண்டு கணக்குப் போட வைத்தாள், தேறினேன். அதை மறந்துவிட்டு நான் பெற்ற பெண்ணைச் சோம்பேறி என்றேனே!

மறுநாள் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "பாவு முழுசையும் பார்த்தா எவனும் தறியில உட்கார மாட்டான். கைக்கு முன்னால இருக்கிற ஒரு சாண்தாம்மா நெசவு."

அன்று சாயங்காலமே அம்மாவும் பெண்ணுமாக உட்கார்ந்தோம். நாங்கள் செய்தது இவ்வளவுதான்:

முதலில் குவியலை மறைத்தோம். ஒரு நாளைக்குப் பழைய அட்டை இத்தனை, புது அட்டை இத்தனை என்று அங்கியில் வரம்பு வைக்கலாம். பழையது 200, புதியது 20 என்று அது தானாகவே வைத்திருந்ததை இவள் ஆசைப்பட்டு ஏற்றி விட்டிருந்தாள். பழையதை 40 ஆக்கினோம், புதியதைப் பூஜ்யமாக்கினோம். இருக்கிற பாத்திரத்தைத் துலக்காமல் புதிதாகச் சமைப்பானேன்? 614 எங்கும் போகவில்லை. ஆனால் திறந்தால் கண்ணில் படுவது 40-தான்.

இரண்டாவது, நேரம். 'இன்றைக்குள் படிக்கிறேன்' என்பதை விட்டுவிட்டு 'விளக்கேற்றியதும்' என்று வைத்தோம். எங்கள் ஊர்ச் சாலைக் கிணற்றிலிருந்து ராமானுஜர் தினமும் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டு போனார் என்பார்கள். ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் சுமக்கவில்லையே! ராத்திரியே லேப்டாப்புக்குச் சார்ஜ் போட்டு, அங்கி பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிடுவாள். தொடங்கும் வேலை எவ்வளவு சுலபமோ, சாக்குப் போக்கும் அவ்வளவு குறையும்.

மூன்றாவது, ஐந்து அட்டை ஒப்பந்தம். உடம்போ மனசோ சரியில்லாத நாளில் ஐந்து அட்டை பார்த்தால் போதும், எழுந்து போகலாம். பெரும்பாலும் ஐந்தோடு எழுந்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

நான்காவது, கெட்ட அட்டையைக் களைந்தோம். ஒரே அட்டையில் பல்லவர் வரலாறு முழுக்க எழுதி வைத்திருந்தாள்; அதைக் கண்டாலே மலைப்பு. அதை உடைத்து ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி என்று ஆக்கினோம். வைகுந்தப் பெருமாள் கோயில் யார் கட்டியது? இரண்டாம் நந்திவர்மன். அவ்வளவே.

ஐந்தாவது எனக்கு. கத்துவதை நிறுத்தினேன். பதிலுக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து தினம் பத்து அட்டை பார்க்கிறேன். மருந்துச் சீட்டிலும் பாங்க் படிவத்திலும் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகள். 'பெனிஃபிஷியரி' என்றால் பணம் பெறுகிறவர் என்பதை நான்கு முறை தவறவிட்டேன். 'தெரியவில்லை' என்று அழுத்தும்போது எனக்கே முகம் சுருங்குகிறது. பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். லெய்ட்னர் என்ற ஜெர்மானியர் 1972-லேயே பெட்டி முறை ஒன்றைப் புத்தகமாக எழுதினார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டையாக வெட்டிக் கொள்ளுங்கள். செருப்பு டப்பாவில் ஐந்து அறை தடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகட்டும். தவறினால் முதல் அறைக்கே திரும்பட்டும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை நாலு நாளைக்கொரு முறை என்று தள்ளித் தள்ளிப் பாருங்கள். என் சின்னப் பையன் வாய்ப்பாட்டை இப்படித்தான் படிக்கிறான்.

முதல் வாரம் 40, பிறகு 60 என்று ஏற்றினோம். ஏழு வாரத்தில் குவியல் கரைந்தது. அன்று பாயசம் வைத்தேன். நடுவில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். மறுபடி அட்டை சேர்ந்துவிட்டது. எனக்குத் திக்கென்றது. ஐந்தாம் நாள் விளக்கேற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், போர்வையைப் போர்த்திக்கொண்டு அவளே உட்கார்ந்திருக்கிறாள். "அஞ்சே அஞ்சும்மா" என்றாள். குவியல் கரைந்த அன்றைக்கு வந்ததைவிட அன்றுதான் எனக்குச் சந்தோஷம் அதிகம். விட்டுப் போவது எல்லாருக்கும் நடக்கும். பயப்படாமல் திரும்பி வந்து உட்காருவதுதான் வித்தை.

பரீட்சை இன்னும் வரவில்லை. கிடைக்குமோ, கிடைக்காதோ, பெருமாள் விட்ட வழி. கிடைக்காவிட்டாலும் படிக்காமல் போனோமே என்று என் பெண் பின்னால் அழ வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டிலும் ஒரு 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' இருந்தால், திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள்: "எதைப் பார்த்தும்மா பயம்?" பிறகு பக்கத்தில் உட்காருங்கள்.

விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. என்னுடைய பத்து காத்திருக்கிறது. வரட்டுமா?